கம்பி கழற்றிய அன்று கண்ணாடியில் கண்டது

2021 ஒக்டோபரில் என் பல்லுக்குக் கம்பி போட்டார்கள். பதினெட்டு மாதத்தில் கழற்றிவிடலாம் என்றார்கள். கழற்றியது 2024 மார்ச்சில், 29 மாதம் கழித்து. பேசிய தொகை 225,000 ரூபாய். அதற்கு மேல் இன்னொரு இலட்சம் கையை விட்டுப் போனது. பல் வரிசையாகிவிட்டது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மேல்வரிசையில் இரண்டு பல்லில் பால் நிறத்தில் தழும்பு விழுந்து நிற்கிறது. இந்தக் காலமும் காசும் தழும்பும் பெரும்பாலும் தவிர்த்திருக்கக்கூடியவை. முன்னமே யாராவது என்னை இருத்திவைத்துச் சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன். என்னைப் போல திருகோணமலையில் இருந்துகொண்டு, வெளியூரிலிருந்து மாதம் ஒரு நாள் வருகிற நிபுணரை நம்பிக் கம்பி போடப் போகிறவர்கள் இதைக் கட்டாயம் வாசிக்க வேண்டும்.

சின்ன வயதிலிருந்தே எனக்கு முன்பல் மிதப்பு, பக்கத்தில் ஒரு தெத்துப்பல் வேறு. பள்ளிக்கூடத்தில் படம் எடுக்கும்போதெல்லாம் உதட்டை மூடிக்கொண்டுதான் நிற்பேன். வீட்டில் அப்போது வசதி இருக்கவில்லை. வேலைக்குப் போய், 26 வயதில், சீட்டு எடுத்த காசோடு நானே முடிவெடுத்தேன். "இந்த வயசில ஏன் பிள்ளை நல்ல பல்லைப் புடுங்குறாய்?" என்று அம்மா மறித்தார். இடம் எடுப்பதற்காக மேலே இரண்டு பல்லைப் பிடுங்க வேண்டியிருந்தது, அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. அரச ஆஸ்பத்திரியில் பிள்ளைகளுக்கே நீண்ட வரிசை, பெரியவர்களுக்கு இடம் கிடைக்கக் காலம் எடுக்கும் என்றார்கள். நகரத்தில் ஒரு தனியார் இடத்துக்கு மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கண்டியிலிருந்து ஒரு நிபுணர் வந்துபோனார். எக்ஸ்ரே எடுத்தேன், அச்சு எடுத்தார்கள், முற்பணம் கட்டினேன். ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லை.

நான் கேட்டிருக்க வேண்டியது நிறைய. கம்பியைப் பிடித்து வைக்கப் பல்லில் ஒட்டுகிற சின்னத் துண்டான பிராக்கெட் இடையில் கழன்றால், டொக்டர் வராத நாளில் யார் பார்ப்பார்கள்? திரும்ப ஒட்டுவதற்குத் தனிக் காசா? பேசிய மாதக் கணக்குத் தாண்டினால் ஒவ்வொரு தடவையும் எவ்வளவு? கம்பி கழற்றிய பிறகு பல் திரும்பிப் போகாமல் பிடித்து வைக்கப் போடுகிற ரிடெய்னர் இந்தத் தொகைக்குள் வருமா? இந்த நாலையும் பணம் கட்டும் முன் கேட்டு, பதிலை அதே பற்றுச்சீட்டின் பின்பக்கத்தில் எழுதி வாங்கிவிடுங்கள். என் கணக்கு இப்படிப் போனது: கழன்ற பிராக்கெட் ஏழு, ஒன்றுக்கு 3,500 வீதம் 24,500. பேசிய காலம் தாண்டிய பிறகு ஒன்பது தடவை, தடவைக்கு 6,000 வீதம் 54,000. இடையில் இரண்டு முறை பல் துப்புரவு செய்ததற்கு 10,000. அவசரத்துக்குக் கண்டிக்கு ஓடிய செலவு ஏறத்தாழ 12,000. லீவு போட்ட நாட்களை இதில் சேர்க்கவில்லை.

கம்பி போட்ட அன்று வலி இல்லை. பல்லில் ஏதோ புளித்த பசையைப் பூசிக் கழுவி, ஒவ்வொரு பிராக்கெட்டாக வைத்து நீல வெளிச்சம் பிடித்தார்கள். வீட்டுக்கு வந்து இரவு சோறு பிசையும்போதுதான் தொடங்கியது. இரண்டாம், மூன்றாம் நாள் மோசம், வாழைப்பழத்தைக் கடிக்கவே பல் கூசியது. இடியப்பத்தைச் சொதியில் ஊறவிட்டு விழுங்கினேன், தேவைப்பட்டபோது பனடோல் போட்டேன், ஒரு கிழமையில் அடங்கிவிட்டது. இந்த வலிக்குப் பயப்பட வேண்டாம், அது போய்விடும். கன்னத்தின் உட்பக்கம் உரசிப் புண்ணாவதுதான் தொல்லை. அதற்கு ஒரு மெழுகு தருவார்கள். நான் அதை எச்சிலோடு வைத்து வைத்துப் பார்த்து, ஒட்டவில்லை என்று தூக்கி எறிந்துவிட்டேன். ஈரத்தில் அது ஒட்டாது. உதட்டை இழுத்துப் பிடித்து, பிராக்கெட்டைச் சுத்தமான துணியால் ஒற்றி உலர்த்தி, மெழுகைக் கடலை அளவுக்கு உருட்டி அழுத்தினால் அப்படியே நிற்கும். இளஞ்சூட்டு உப்புத் தண்ணீரில் நாளுக்கு மூன்று நாலு தரம் கொப்பளித்தால் புண்ணும் சீக்கிரம் ஆறும்.

வீட்டுக்குக் கொண்டுபோக ஒரு தாள் தந்தார்கள். அதில் சிங்களமும் ஆங்கிலமும்தான். டொக்டர் தன்மையான மனுஷர், ஆனால் வெளியே அத்தனை பேர் காத்திருக்கும்போது எவ்வளவு நேரம்தான் பேசுவார்? உதவிக்கு நின்ற அக்கா தமிழில் சொன்னது இரண்டே வசனம்: "கடினமானதுகள் சாப்பிடாதீங்க. நல்லா பிரஷ் பண்ணுங்க." நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். அந்த "நல்லா" என்ற சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்று அப்போதே கேட்காமல் வந்ததுதான் எனக்கு ஆகக் கூடுதலாகச் செலவு வைத்தது.

முதலில் சாப்பாட்டைச் சொல்கிறேன். கடினம் என்றால் எலும்பு, ஐஸ்கட்டி என்றுதான் நினைத்திருந்தேன். கம்பி போட்டு ஆறு கிழமைகூட இல்லை, டச்பே கடற்கரையில் கூட வேலை செய்கிறவர்களோடு ஒரு சரை கச்சானைப் பகிர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கீழ்க் கடைவாயில் "டக்" என்று ஒரு சின்னச் சத்தம். நாக்கால் தடவிப் பார்த்தேன், பிராக்கெட் கம்பியில் கோத்த மணி மாதிரி முன்னும் பின்னும் ஓடியது. வலிக்கவில்லை. வலிக்காததால், டொக்டர் வருகிற அடுத்த ஞாயிறு பார்த்துக்கொள்ளலாம் என்று மூன்று கிழமை விட்டுவிட்டேன். கம்பிதான் பல்லை இழுக்கிறது, பிராக்கெட் அதற்குப் பிடி. பிடி இல்லாத பல் பக்கத்துப் பற்களோடு சேர்ந்து நகராது, சிலவேளை திரும்பியும் போகும். அந்த ஒரு பல்லுக்காகத் தடித்த கம்பியைக் கழற்றி, முன்பு போட்ட மெல்லிய கம்பியை மறுபடி போட்டுத் தொடங்க வேண்டியதாயிற்று. ஒரு கை கச்சானுக்கு இரண்டு மாதம் போயிற்று.

நம் ஊர்ச் சாப்பாட்டில் விலக்க வேண்டியவற்றை நம் ஊர்ப் பெயரிலேயே சொல்ல வேண்டும். கச்சான், கச்சான் அல்வா, எள்ளுருண்டை, முறுக்கு, புழுக்கொடியல், அவித்த சோளத்தைக் கதிரோடு கடிப்பது, நண்டுக் காலைப் பல்லால் உடைப்பது, இவையெல்லாம் வேண்டாம். கொய்யாவையும் மாங்காயையும் முழுதாகக் கடிக்காமல் மெல்லிய துண்டாக வெட்டிப் பின்பல்லால் மெல்லலாம். சோளத்தை உதிர்த்துச் சாப்பிடலாம், நண்டைக் கையால் உடைத்துச் சதையை எடுக்கலாம். இறைச்சியை எலும்பிலிருந்து பிய்த்து எடுங்கள். பேனை மூடியைக் கடிக்கிற பழக்கம் இருந்தால் அதையும் விடவேண்டும், என் ஏழில் ஒன்று அதில்தான் போனது. நிறத்தைப் பற்றியும் ஒரு சொல். பிராக்கெட்டைச் சுற்றிப் போடுகிற சின்ன ரப்பர் வளையத்தை நிறமில்லாததாகக் கேட்டு வாங்கினேன், வெளியே தெரியாது என்ற ஆசையில். மஞ்சள் போட்ட மீன்குழம்பு இரண்டு நாள் சாப்பிட்டேன், அத்தனையும் பழுத்த மஞ்சளாகிவிட்டது. அடுத்த முறை போகும்வரை மாற்ற முடியாது. சாம்பல் நிறம் அல்லது கடும் நீலம் கேளுங்கள்.

பிறகு 2022 வந்தது. அந்த வருஷத்தை நம்மில் யாரும் மறக்க மாட்டோம். மார்ச்சில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. கம்பிக்கு அடியில் விட்டுத் துப்புரவாக்கும் குட்டித் தூரிகை இறக்குமதிச் சாமான், பாமசியில் 450 ரூபாய்க்கு வாங்கிய பைக்கற் 1,100 ஆனது. ஒரு தூரிகையை மயிர் உதிர்ந்து வெறும் கம்பி தெரியும்வரை பாவித்தேன். ஜூன் கடைசியில், அத்தியாவசியச் சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள் என்று அறிவித்தார்கள். சீனக்குடாவில் அத்தனை எண்ணெய்க் குதங்கள் நிற்கிற ஊரில் நாங்கள் நாள்கணக்கில் வரிசையில் கிடந்தோம். டொக்டர் ஜூனிலும் வரவில்லை, ஜூலையிலும் வரவில்லை.

அந்த இடைவெளியில்தான் மேல் கடைசிப் பல்லில் கம்பியின் முனை வெளியே நீண்டு கன்னத்தைக் குத்தத் தொடங்கியது. பல் நகர நகரக் கம்பி பின்பக்கம் தள்ளிக்கொண்டு வருவது வழக்கம்தானாம். அது எனக்குத் தெரியாது, ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்தேன். வாயைத் திறந்தால் வலி, மூடினால் அதைவிட வலி. மூன்றாம் நாள் இரவு கண்ணாடிக்கு முன் நின்று, நகவெட்டியால் அந்த முனையை வெட்டினேன். வெட்டுப்பட்ட முனை முன்னதைவிடக் கூராக நின்றது. வெட்டிய துண்டை விழுங்கிவிட்டேனோ என்று விடியும்வரை படுக்கவில்லை. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பென்சிலின் பின்பக்கத்து அழிறப்பரைக் கழுவி, அதனால் முனையை மெதுவாகப் பல்லோடு மடக்கிப் பார்க்கலாம். மடங்காவிட்டால் மெழுகை உருட்டி மூடிவிடலாம். இதைவிட முக்கியமான ஒன்று எனக்கு ஒன்பதாம் நாள்தான் தெரியவந்தது. பக்கத்து வீட்டு மாமி, "ஏன் பிள்ளை, கம்பி போட்ட டொக்டர்தான் வெட்டவேணுமெண்டு இருக்கா? இங்கயே பல் டொக்டரிட்டப் போவன்" என்றார். போனேன். ஐந்து நிமிஷ வேலை, ஆயிரம் ரூபாய். கம்பியை முறுக்கவோ பிராக்கெட்டை ஒட்டவோ நிபுணர் தேவைப்படலாம், குத்துகிற முனையைக் கத்தரிக்க உங்கள் ஊர்ப் பல் வைத்தியர் போதும். கம்பி போட்ட கையோடு அப்படி ஒருவரைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

ஓகஸ்டில் டொக்டர் வந்தார். நான் போகவில்லை. தவணை கட்டக் காசு இல்லை, அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. செப்டெம்பரில் போனபோது அந்த அக்கா கேட்டார், "காசு இல்லாட்டி ஒரு கோல் எடுத்துச் சொல்லியிருக்கலாமே தங்கச்சி, வாயைத் திறந்து பாக்கிறதுக்கு ஆர் காசு கேக்கிறது?" எனக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றைக்கு இரண்டு பிராக்கெட் கழன்றிருந்தது, பல்லைச் சுற்றியுள்ள முரசு வீங்கிப் பிராக்கெட்டின் மேல் பாதி வரை இறங்கியிருந்தது. காசு முடையாக இருக்கிறதென்றால் அதைச் சொல்லிவிட்டுப் போங்கள். போகாமல் மட்டும் இருக்காதீர்கள். கம்பி வாய்க்குள் இருக்கிறது, யாரும் பார்க்காவிட்டாலும் அது தன் பாட்டுக்கு இழுத்துக்கொண்டேதான் இருக்கும்.

முரசு ஏன் வீங்கியது என்பதில்தான் என் பெரிய பிழை இருந்தது. பிரஷ் பண்ணும்போது இரத்தம் வந்தது. இரத்தம் வருகிறதே என்று அந்த இடத்தைத் தொடாமல் விட்டேன். தொடாததால் ஊத்தை சேர்ந்தது, சேரச்சேர இன்னும் வீங்கியது, இன்னும் இரத்தம் வந்தது. இரத்தம் வருகிற இடம்தான் துப்புரவு போதாத இடம். மெல்லிய தூரிகையால் பொறுமையாக அங்கேயே கூடுதல் நேரம் எடுத்துத் தீட்டினால் ஒன்றிரண்டு கிழமையில் நிற்கத் தொடங்கும். அப்படியும் நிற்காவிட்டால் டொக்டரிடம் காட்டவேண்டும். எனக்கு அப்படித்தான் நின்றது.

அந்த அக்காவே அன்று ஒரு கண்ணாடியைக் கையில் தந்து, என்னைக் கொண்டே செய்து பார்க்க வைத்தார். ஒரு பல்லை ஒரு பல்லாக நினைக்கக்கூடாதாம். பிராக்கெட் அதை மூன்றாகப் பிரித்துவிடுகிறது. பிராக்கெட்டுக்கும் முரசுக்கும் இடையில் ஒரு ஒடுங்கிய பட்டை, பிராக்கெட்டின் முகம், பிறகு கீழே கடிக்கிற முனைப் பக்கம். தூரிகையை முரசைப் பார்த்துச் சரித்துப் பிடித்து முதல் பட்டை, நேராகப் பிடித்து முகம், மறுபக்கம் சரித்து மற்றப் பட்டை. பிறகு குட்டித் தூரிகையைக் கம்பிக்கு அடியில் மேலிருந்து ஒரு தரம், கீழிருந்து ஒரு தரம் விடவேண்டும். நான் பத்து மாதமாக நடுவில் உள்ள முகத்தை மட்டும்தான் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். முரசோரத்து ஒடுங்கிய பட்டையில் வெண்ணெய் பூசியது போல ஊத்தை படிந்திருந்ததைக் கண்ணாடியில் பார்த்தபோது உடம்பு கூசியது. இதைச் சரியாகச் செய்ய இரவில் பத்து நிமிஷம் எடுக்கும். மற்ற நேரம் அவசரமாக இருந்தாலும் படுக்கப் போகும் முன் அந்தப் பத்து நிமிஷத்தை விடாதீர்கள், நித்திரையில் எச்சில் குறைவாகச் சுரக்கிறது, பல்லைக் கழுவ ஆளில்லை. பற்பசையின் பெட்டியில் புளோரைட் அளவைப் பாருங்கள், பெரியவர்களுக்கு 1450 பி.பி.எம். அளவில் இருப்பது நல்லது. நான் பாவித்த மூலிகைப் பற்பசையில் புளோரைட் இருக்கவே இல்லை. தீட்டி முடிந்ததும் துப்பிவிட்டு விடுங்கள், தண்ணீர் விட்டு அலசினால் பல்லில் நிற்க வேண்டிய புளோரைட்டும் போய்விடும்.

தேத்தண்ணியையும் இங்கேதான் சொல்ல வேண்டும். வேலையிடத்தில் நாளுக்கு ஐந்து தடவை சீனி போட்ட பிளேன்ரீ, அதையும் ஒரு மணித்தியாலம் வைத்து வைத்துக் குடிப்பேன். இனிப்பின் அளவைவிட, எத்தனை தடவை பல்லில் படுகிறது என்பதுதான் பெரிது. ஒவ்வொரு மிடறுக்கும் ஊத்தையில் இருக்கிற கிருமி புளிப்பைச் சுரந்து பல்லின் மேற்தோலைக் கரைக்கிறது, பிராக்கெட்டின் ஓரத்தில் அது கழுவுப்படாமல் தேங்கி நிற்கிறது. இப்போது சீனி இல்லாமல் குடிக்கப் பழகிவிட்டேன். உங்களால் முடியாவிட்டால் சாப்பாட்டோடு சேர்த்து ஒரே தடவையில் குடித்து முடித்துத் தண்ணீரால் கொப்பளியுங்கள்.

செப்டெம்பருக்குப் பிறகு ஒழுங்காக இருந்தேன். ஒரு விஷயத்தில் மட்டும் தவறினேன்: மேல்வரிசைப் பல்லையும் கீழ்வரிசைப் பல்லையும் சேர்த்துக் கொளுவுகிற ரப்பர். சாப்பிடும் நேரம் தவிர நாள் முழுக்கப் போடச் சொன்னார்கள். வாயைத் திறந்து பேச ஒரு மாதிரி இருக்கிறதென்று இரவில் மட்டும் போட்டேன். ஆறு கிழமை கழித்து அளந்து பார்த்தார்கள், பல் இருந்த இடத்திலேயே இருந்தது. அதன்பிறகு ஒரு பைக்கற்றைக் கைப்பையிலும் ஒன்றை அலுவலக மேசையிலும் வைத்துக்கொண்டேன்.

2024 மார்ச். கம்பியைக் கழற்றி, ஒட்டிய பசையைச் சுரண்டி, பல்லை மினுக்கி, கையில் கண்ணாடி தந்தார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக வரிசையான என் பல்லைப் பார்த்தேன். சிரித்தேன். பிறகுதான் அதைக் கண்டேன். மேல்வரிசையில் முன்பல்லுக்குப் பக்கத்துப் பல்லிலும் அதற்கடுத்த வேட்டைப் பல்லிலும், நடுவில் பிராக்கெட் இருந்த சின்னச் சதுரம் பல்லின் இயல்பான நிறத்தில் பளபளவென்று இருந்தது, அதைச் சுற்றிச் சுண்ணாம்பு பூசிய சட்டம் போல ஒரு வெள்ளைக் கரை. சுத்தம் போதாத அந்தப் பத்து மாதம் அப்படியே பல்லில் பதிந்திருந்தது. எல்லாரும் வாழ்த்திக்கொண்டு நிற்கிறார்கள், எனக்கு அழுகை வந்தது. டொக்டர் ஆறுதலாகச் சொன்னார்: உடனே வெளுப்பாக்கும் மருந்து எதையும் தொடவேண்டாம், புளோரைட் பற்பசையோடு சில மாதம் விடு, எச்சிலே கொஞ்சம் சரிசெய்யும், மிஞ்சியதைப் பிறகு பார்க்கலாம். ஆறு மாதத்தில் வேட்டைப் பல்லில் இருந்தது பாதியாக மங்கியது. பக்கத்துப் பல்லில் இருப்பது இன்றும் வெயிலில் சிரித்தால் தெரிகிறது. கம்பி இருக்கும்போதே மாதம் ஒரு தடவை பகல் வெளிச்சத்தில் பல்லை உலர்த்திப் பாருங்கள், பிராக்கெட்டின் ஓரத்தில் மங்கிய வெள்ளை தெரிந்தால் அடுத்த முறை போகும்போது அதைத்தான் முதலில் காட்டுங்கள். கழற்றிய பிறகு காட்டினால் காலம் கடந்துவிடும்.

ரிடெய்னருக்கும் ஒரு பாடம் படித்தேன். நிலாவெளிக்குப் போன அன்று சாப்பிடுவதற்காகக் கழற்றி, ஸ்கூட்டியின் இருக்கைக்குக் கீழே வைத்தேன். நம் ஊர் மத்தியான வெயிலில் இரண்டு மணித்தியாலம். திரும்பி வந்து போட்டால் பொருந்தவில்லை, வளைந்துவிட்டது. புதிதாகச் செய்ய 9,000. அதைப் பெட்டியில் போட்டுக் கைப்பையில், நிழலில் வைக்கவேண்டும், பச்சைத் தண்ணீரில்தான் கழுவவேண்டும், சுடுதண்ணீர் ஆகாது. கடையில் சாப்பிடும்போது டிஷூவில் சுற்றி மேசையில் வைத்தால் எச்சில் தட்டோடு போய்விடும். இரவில் போடுவதை நிறுத்தினால் பல் பழைய இடத்தைத் தேடிப் போகும், அதனால் எனக்கு இப்போதும் இரவில் அது வாயில்தான்.

அடுத்த மாதம் சித்தியின் மகளுக்குக் கம்பி போடுகிறார்கள், அவளுக்குப் பதினான்கு வயது. முதல் நாள் நானும் கூடப் போகிறேன். கம்பி போடும் முன் அவளுடைய பல்லைப் பகல் வெளிச்சத்தில் போனில் படம் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன், பிறகு ஒப்பிட்டுப் பார்க்க. நேற்றுப் பாமசியில் குட்டித் தூரிகை இரண்டு பைக்கற்றும் ஒரு கைக்கண்ணாடியும் வாங்கி வைத்தேன்.